எந்த இரவின் அலி?

மாங்காய்ப் பருவத்தில் எங்கள் எடைமேடைக்கு இரவு பகல் கிடையாது. காவேரிப்பட்டினத்தை ஒட்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்த மேடையில், கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிச் செல்லும் லாரிகள் போகும்போது சரக்கோடு ஒருமுறையும் திரும்பும்போது வெறும் வண்டியாக ஒருமுறையும் ஏறி இறங்கும். மொத்த எடையிலிருந்து வண்டி எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் சரக்கு, காசு அதற்கு மட்டும்தான். சென்ற பருவத்தில் ஓர் இரவு, பென்னாகரத்திலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த தாய்மாமா, தேநீர் டம்ளரை ரசீது அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எங்களுக்குள் நடந்துவரும் வழக்கை மறுபடியும் எடுத்தார்.

"மாப்ளே, அலியும் டைசனும் மோதுனா யாரு ஜெயிப்பாங்க? இப்பவாவது உண்மையச் சொல்லு."

"எந்த அலிங்க மாமா?" என்றேன்.

"அலின்னா அலிதான்டா. எத்தன அலி இருக்காங்க?"

என் கணக்கில் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள். வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட், அதாவது உச்ச எடைப் பிரிவு, வீரர்களை மனத்துக்குள் மோதவிட்டுப் பார்க்கும் பழக்கம் உலகெங்கும் குத்துச்சண்டை ரசிகர்களுக்கு உண்டு. அந்த வாக்குவாதங்கள் பெரும்பாலும் கூச்சலில் முடிவதற்கு, எந்த இரவின் வீரன், எந்த விதிகளின் கீழ், எத்தனை சுற்றுக்கு என்று கேட்காமலே தொடங்கிவிடுவதுதான் காரணம். காக்கையும் கூகையும் மோதினால் எது வெல்லும் என்று கேட்பவனிடம், பகலிலா இரவிலா என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பது நம் ஊரில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் குத்துச்சண்டை என்று வந்துவிட்டால் அந்த எளிய விவேகம் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. எனக்கும் மறந்திருந்தது.

மைக்கேல் ஸ்பிங்க்ஸை மைக் டைசன் 91 விநாடிகளில் வீழ்த்திய 1988-ஆம் ஆண்டில் நான் தருமபுரியில் பள்ளி மாணவன். மாமா அப்போது பென்னாகரம் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அதற்குமுன் சில ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்தவர் என்பதால், 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடியதைக் கூட்டத்தில் நின்று பார்த்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் பஞ்சர் ஒட்டும் நேரத்துக்குள் அதைச் சொல்லி முடித்துவிடுவார். பழைய பேப்பர் கடையிலிருந்து எடைபோட்டு வாங்கிய விளையாட்டு இதழ்களை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பதினாறு வீரர்களை வரிசையாக எழுதி, பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டி ஒரு போட்டித் தொடரையே நடத்தினோம்.

விதி எளியது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வீரர்களுக்காகவும் தனித்தனியே உருட்ட வேண்டும். அதிகம் விழுந்தவனுக்குச் சுற்று. இரண்டு கட்டையும் வெற்று முகம் காட்டிப் பன்னிரண்டு விழுந்தால் எதிராளி நாக் அவுட். அடி பலமுள்ள ஃபோர்மன், லிஸ்டன், டைசன் மூவருக்கும் மட்டும் ஒரு சலுகை தந்திருந்தோம்: அவர்களுக்குத் தாயம் விழுந்தாலும் நாக் அவுட்தான். பன்னிரண்டு விழும் வாய்ப்பு பதினாறில் ஒன்று, தாயம் விழும் வாய்ப்பு பதினாறில் இரண்டு என்பதைக் கல்லூரியில் நிகழ்தகவு படித்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிராளியின் அதிர்ஷ்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எட்டுச் சுற்றுக்குள் ஏறத்தாழ ஐந்துக்கு நான்கு முறை ஃபோர்மன் ஆட்டத்தை முடித்துவிடுவார். எங்கள் நோட்டில் அலி ஒருமுறைகூட ஃபோர்மனை வெல்லவில்லை. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் உண்மையான அலி உண்மையான ஃபோர்மனை வென்றது அதே எட்டாவது சுற்றில்தான்.

எங்கள் கட்டைகள் செய்த தவற்றை, கட்டைகளைவிட நூறு மடங்கு விலையுள்ள கருவியும் செய்திருக்கிறது. மரி வொரோனர் என்ற மயாமி வானொலித் தயாரிப்பாளர் 1967-இல் பதினாறு ஹெவிவெயிட் வீரர்களின் விவரங்களை என்சிஆர் 315 கணினியில் ஏற்றி, அது சொன்ன முடிவுகளை நேர்முக வர்ணனைபோல வானொலியில் ஒலிபரப்பினார். அந்தத் தொடரில் ராக்கி மார்சியானோ வாகை சூடினார். அலி, 1905-இல் ஓய்வுபெற்ற ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றுப்போனார். வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்ததற்காக ஆட்டமே மறுக்கப்பட்டிருந்த காலம் அது. ரிங்குக்குள் யாரிடமும் தோற்காத மனிதரை வானொலிக்குள் தோற்கடித்தால் கோபம் வராமல் இருக்குமா? பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அதன் சமரசத்தில் பிறந்ததுதான் 1969-இல் அவரும் மார்சியானோவும் மயாமியில் நடித்த படம். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்றிருந்த மார்சியானோ உடம்பை இளைக்கவைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கும் மேல் படம்பிடித்தார்கள். பல முடிவுகளை எடுத்துவைத்துக்கொண்டார்கள். படம் வெளிவருவதற்கு முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் மார்சியானோ இறந்துவிட்டார். 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்டபோது பதின்மூன்றாவது சுற்றில் அலி வீழ்ந்தார். பிரிட்டனில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார்.

ஊருக்கு ஒரு முடிவு என்பது ஏமாற்று வேலை என்று அன்று பலரும் சிரித்திருப்பார்கள். எனக்கு அதைவிட அந்தக் கணினிக்குள் போன கணக்குதான் உறுத்துகிறது. அடி பலம், வேகம், தாங்கும் சக்தி என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், அதிக மதிப்பெண் பெற்றவன் குறைந்த மதிப்பெண் பெற்றவனை எப்போதும் வெல்வான் என்றுதான் வரும். குத்துச்சண்டை அப்படி நடப்பதில்லை என்பதற்கு 1970-களே சாட்சி. 1971 மார்ச் 8 அன்று ஜோ ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் அந்த ஃப்ரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறுமுறை தரையில் விழவைத்தார். அதே ஆண்டு மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அடுத்த ஆண்டு கராகஸில் ஃபோர்மன் நார்ட்டனையும் இரண்டாவது சுற்றில் முடித்தார். அலியை வென்ற இருவரையும் ஃபோர்மன் குழந்தைகளைப்போலத் தூக்கி எறிந்திருக்க, கின்ஷாசாவில் அலியின் கதி என்ன ஆகும் என்று மதிப்பெண் கூட்டியவர்கள் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கயிற்றில் சாய்ந்தபடி, முழங்கைகளால் விலாவை மூடிக்கொண்டு, ஃபோர்மன் தன் பலத்தை எல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை அலி காத்திருந்தார். ஃப்ரேசியருக்கு அது முடியாது; முன்னால் போவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாது, முன்னால் வருகிறவனை இரண்டு கைகளாலும் தள்ளி நிறுத்திக் கீழிருந்து மேலாக அப்பர்கட் அடிப்பதுதான் ஃபோர்மனின் முழு வித்தையும்.

ஆகவே கற்பனை மோதலில் முதலில் பார்க்க வேண்டியது யார் பெரியவன் என்பதை அல்ல, யாருடைய பழக்கம் யாருடைய பழக்கத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறது என்பதை. தை, மாசி மாதங்களில் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நடக்கும் எருது விடும் விழாவில், குறிப்பிட்ட தூரத்தை ஒவ்வொரு காளையும் தனித்தனியே ஓடிக் கடக்கும்; கடிகாரம் சொல்லும் விநாடிதான் பரிசைத் தீர்மானிக்கும். அங்கே இந்த ஆண்டின் காளையையும் பத்து ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன காளையையும் ஒப்பிடலாம், தளமும் தூரமும் ஒன்றாக இருந்தால் சண்டையே வராது. குத்துச்சண்டையில் எதிரே நிற்பவன்தான் தளம், தூரம், கடிகாரம் எல்லாம். அவனை மாற்றினால் அளவுகோலே மாறிவிடுகிறது.

எடையைப் பற்றி எடைமேடைக்காரன் பேசாமல் இருக்க முடியாது. 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டை வென்று சாம்பியன் ஆன மார்சியானோவின் எடை 184 பவுண்டு, அதாவது 84 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. உயரம் 5 அடி 10 அங்குலம். 1979-இல் ஹெவிவெயிட்டுக்குக் கீழே குரூசர்வெயிட் என்ற புதிய பிரிவு வந்தது. முதலில் 190 பவுண்டாக இருந்த அதன் உச்சவரம்பு இன்று 200 பவுண்டு. தோல்வியே காணாமல் 49 ஆட்டங்களில் வென்று ஓய்வுபெற்ற ஒரே ஹெவிவெயிட் சாம்பியன் இன்று மேடையில் ஏறினால், நீ குரூசர்வெயிட் என்றுதான் சொல்வார்கள். 1919-இல் டொலிடோவில் ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழுமுறை வீழ்த்திய ஜாக் டெம்ப்சியும் 187 பவுண்டுதான். மறுபுறம், 2024 டிசம்பரில் ரியாதில் எடை பார்த்தபோது பிரிட்டனின் டைசன் ஃப்யூரி (மைக் டைசன் வேறு) ஏறத்தாழ 127 கிலோ. மார்சியானோவோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 44 கிலோ வித்தியாசம். எங்கள் ஊர் சிமெண்டு மூட்டை ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

இதை வைத்து, பழைய ஆட்கள் எல்லோரும் இன்றைய ராட்சதர்களிடம் நசுங்கிப்போவார்கள் என்று இளைஞர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். மொத்த எடையைப் பார்த்துக் காசு கேட்கும் வியாபாரம் இது. வண்டி எடை எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? 1935-இல் ஜோ லூயிஸ் 89 கிலோ எடையோடு 118 கிலோ ப்ரிமோ கார்னெராவை ஆறாவது சுற்றில் முடித்தார். 1942 ஜனவரியில் ஆறரை அடி உயரமும் 113 கிலோ எடையும் கொண்ட பட்டி பேயர் ஒரு சுற்றுக்குமேல் தாங்கவில்லை. அவர்கள் உடம்பில் வண்டி எடை அதிகம். ஆனால் லெனாக்ஸ் லூயிஸ், விளாடிமிர் கிளிட்ச்கோ, ஃப்யூரி ஆகியோர் வேறு வகை. நீண்ட இடக்கையால் நேர்க்குத்தான ஜாப் அடித்து எதிராளியைத் தூரத்தில் நிறுத்துவது, அதையும் மீறி உள்ளே நுழைந்தவனைக் கட்டிப்பிடித்துத் தங்கள் முழு எடையையும் அவன் கழுத்தின்மேல் போட்டுச் சாய்வது என்று, உயரத்தையும் எடையையும் வேலை செய்யவைக்கக் கற்றவர்கள். 110 கிலோவைக் கழுத்தில் சுமந்துகொண்டு ஏழு சுற்று நின்றவனுடைய கால்கள் எட்டாவது சுற்றில் எப்படி இருக்கும் என்பதை, வாரச்சந்தையில் மூட்டை தூக்கிய யாரும் சொல்வார்கள். ஆகவே ஃப்யூரிக்கு எதிராக மார்சியானோவை நிறுத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. தூரம் மட்டுமே அந்த ஆட்டத்தை முடித்துவிடும். அதே ரியாத் மேடையில் ஃப்யூரியை வென்ற ஒலெக்சாண்டர் உசிக் குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் வென்றுவிட்டு மேலே வந்தவர், அன்று ஃப்யூரியைவிட ஏறத்தாழ 25 கிலோ குறைவு. மார்சியானோவை யாரோடாவது நிறுத்த வேண்டும் என்றால் அவரோடுதான் நிறுத்துவேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் சுற்றுகளின் கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காலங்களைக் கலக்கும்போது மிக எளிதாக நழுவிப்போவது இதுதான். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் டுக் கூ கிம் மூளைக் காயத்தால் இறந்ததைத் தொடர்ந்து, உலகப் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறைக்கப்பட்டன. அந்த மாற்றம் சரியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைப் பழைய ஆட்டங்களின்மேல் வைத்துப் பாருங்கள். மார்சியானோ–வால்காட் முதல் ஆட்டத்தில் 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்தான் முன்னால் இருந்தார். பதின்மூன்றாவது சுற்றில் ஒரே ஒரு குட்டையான வலக்கை அடி. இன்றைய விதியில் மார்சியானோ அன்று தோற்றிருப்பார், 49–0 என்ற எண்ணே இருந்திருக்காது. 1941 ஜூனில் பில்லி கான் என்ற சிறிய உடம்புக்காரர் ஜோ லூயிஸை 12 சுற்றுகள் ஆட்டுவித்துவிட்டு, முன்னிலையில் இருந்தும் ஆசைப்பட்டு நாக் அவுட்டுக்குப் போய்ப் பதின்மூன்றாவது சுற்றில் விழுந்தார். 1978-இல் லாரி ஹோம்ஸும் கென் நார்ட்டனும் ஆடிய ஆட்டத்தின் தீர்ப்பு பதினைந்தாவது சுற்றில்தான் நிர்ணயமானது.

எதிர்வாதமும் உண்டு. 15 சுற்று என்று தெரிந்து ஆடுகிறவன் மூச்சைப் பங்கிட்டு ஆடுகிறான். 12 என்று சொல்லியிருந்தால் மார்சியானோ ஒன்பதாவது சுற்றிலேயே அவசரப்பட்டிருப்பார். சரிதான். அதனால்தான் கற்பனை ஆட்டத்தில் விதியை முதலில் அறிவிக்க வேண்டும் என்கிறேன். வில்லார்டு ஒவ்வொருமுறை எழும்போதும் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்து அடித்த டெம்ப்சிக்கு, எதிராளி விழுந்தவுடன் நடுநிலை மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி வந்தபின் என்ன ஆனது என்பதை 1927-இல் சிக்காகோவில் பார்த்தார்கள். ஜீன் டன்னியை வீழ்த்திவிட்டு, பழைய பழக்கத்தில் பக்கத்திலேயே நின்றார். அவர் மூலைக்குப் போனபிறகுதான் நடுவர் எண்ணத் தொடங்கினார், டன்னிக்குப் பதினான்கு விநாடிபோலக் கிடைத்தது, எழுந்து ஜெயித்தார். டெம்ப்சியை இன்றைய வீரனோடு மோதவிடுகிறவர்கள் 1919-இன் டெம்ப்சியை 1927-இன் விதியோடு சேர்த்துக்கொள்கிறார்களா என்று நான் கேட்பது விதண்டாவாதம் என்று மாமா சொல்வார்.

பழைய படச்சுருள்களும் ஏமாற்றும். கையால் சுழற்றிய கேமராவில் குறைந்த வேகத்தில் எடுத்ததைப் பிற்காலக் கருவியில் ஓட்டினால் அந்தக் காலச் சாம்பியன் ஜாக் ஜான்சன்கூட சாவி கொடுத்த பொம்மைபோலத் துள்ளுவார். அதைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்தில் ஆட்டமே தெரியாது என்று முடிவு கட்டுகிறார்கள். சரியான வேகத்துக்குத் திருத்திய பிரதிகளில் எதிராளியின் கையை முழங்கையருகிலேயே பிடித்து நிறுத்தும் ஜான்சனின் நிதானம் தெரியும். ஃப்யூரிக்கு அவரைப் பிடித்துப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி அந்த நான்கு அலிகள். 1964 பிப்ரவரியில் லிஸ்டனை வென்ற இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்டு வில்லியம்ஸைப் பந்தாடி, 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியை வென்று, அதோடு மேடையிலிருந்து விலக்கப்பட்டவன் இரண்டாமவன். மூன்றரை ஆண்டுகள் கழித்து 1970 அக்டோபரில் திரும்பி வந்தவன் மூன்றாமவன். கால் வேகம் குறைந்திருந்தது, ஆனால் தான் எவ்வளவு அடி தாங்குவோம் என்பதை ஃப்ரேசியரிடமும் ஃபோர்மனிடமும் தெரிந்துகொண்டான். 1980 அக்டோபரில் ஹோம்ஸிடம் அடிவாங்கி உட்கார்ந்தவன் நான்காமவன். மாமா நேரு விளையாட்டரங்கில் பார்த்தது இந்த நான்காமவனை, ஹோம்ஸ் ஆட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பு, முப்பத்தெட்டு வயதில்.

"நான் கண்ணால பாத்தவன்டா, நீ பொஸ்தகத்துல பாத்தவன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் இதைச் சொல்ல வாய் வரும். பெரியவர் முகம் வாடும் என்று விட்டுவிடுவேன்.

வெவ்வேறு காலத்தவர் உண்மையிலேயே மோதிய ஆட்டங்கள் இருக்கின்றன, அவை நமக்குப் பெரிதாக எதையும் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை. 1910-இல் ஜான்சன் ஜெஃப்ரிஸை வென்றார்; ஜெஃப்ரிஸ் ஐந்து ஆண்டு ஓய்விலிருந்து இழுத்துவரப்பட்டவர். 1951-இல் மார்சியானோ, தன் வீரநாயகனான ஜோ லூயிஸை எட்டாவது சுற்றில் கயிற்றுக்கு வெளியே சாய்த்தார். லூயிஸுக்கு வயது முப்பத்தேழு. 1988 ஜனவரியில் டைசன் ஹோம்ஸை வென்றார், 2002-இல் லெனாக்ஸ் லூயிஸ் டைசனை வென்றார். காலம் நடத்தும் போட்டியில் ஒருவன் எப்போதும் கிழவன். அந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் நாம் கற்பனையில் இன்னொரு ரிங் கட்டுகிறோம். அப்படிக் கட்டும்போது ஆளின் பெயரை மட்டும் எழுதாமல் தேதியையும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே மாமாவின் கேள்விக்கு என் பதில்: 1967 மார்ச் மாதத்து அலி, 1988 ஜூன் மாதத்து டைசன், 12 சுற்று. அந்த டைசனுக்குப் பின்னால் கெவின் ரூனி என்ற பயிற்சியாளர் இருந்தார். அந்த ஆண்டின் முடிவிலேயே அவர் விலக்கப்பட்டார், இருபது மாதத்துக்குள் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் விழுந்தார். ரூனியோடு இருந்த டைசன், கைகளைக் கன்னத்தோடு ஒட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டி, எதிராளியின் ஜாபுக்கு அடியில் நுழைந்து, அடித்த இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி அடிப்பவர். அலியின் குறைகளும் ஊரறிந்தவை. கையைத் தாழ்த்தி வைப்பார், அடிக்கு நேர் பின்னால் சாய்வார், பக்கவாட்டில் வளைந்து வரும் இடக்கை ஹூக்குக்கு எப்போதும் இடம் கொடுப்பார். 1963-இல் ஹென்ரி கூப்பரும் 1971-இல் ஃப்ரேசியரும் அவரைத் தரையில் உட்காரவைத்தது அந்த ஹூக்கால்தான். அதைவிட வேகமான ஹூக் டைசனுடையது.

முதல் நான்கு சுற்று கத்திமேல் நடை. இரண்டாவது சுற்றில் அலி ஒருமுறை விழுவார் என்றே நினைக்கிறேன். எழுந்தபின் அவர் செய்யப்போவதுதான் ஆட்டம்: இடக்கையால் டைசனின் பிடரியைப் பிடித்துத் தலையைக் கீழே அமுக்குவார், நடுவர் பிரிக்கும்வரை விடமாட்டார். பிடித்து நிறுத்திய ஆட்கள் முன் டைசனுக்கு என்ன நடந்தது என்பதற்கு 1987 மார்ச்சில் போன்கிரஷர் ஸ்மித்தோடு ஆடிய 12 சுற்றுகள் இருக்கின்றன. ஜெயித்தார், ஆனால் முடிக்க முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் டோனி டக்கரும் 12 சுற்று நின்றார். ஐந்தாவது சுற்றுக்குமேல் டைசனின் அடிகள் கொத்துக் கொத்தாக வராமல் ஒற்றை ஒற்றையாக வரத் தொடங்கும். ஒற்றை அடிக்கு 1967-இன் அலி அந்த இடத்தில் இருக்கமாட்டார். எட்டாவது சுற்றுக்குப்பின் டைசனின் இடக்கண் வீங்கும். புள்ளிக்கணக்கில் அலி. 15 சுற்று என்றால் பதின்மூன்றாவதில் நடுவர் நிறுத்துவார்.

அதே டைசனை 1973-இன் ஃபோர்மனோடு நிறுத்தினால் நான் ஃபோர்மன் பக்கம்; குனிந்து முன்னால் வருகிறவன் அவருக்குத் தட்டில் வைத்த சோறு. ஜோ லூயிஸோடு நிறுத்தினால்தான் தூக்கம் போகிறது. அரையடி தூரத்தில் நான்கு அடிகளைக் கோர்த்து அடிப்பதில் லூயிஸுக்கு நிகர் இல்லை, ஆனால் பிராடக், கலெண்டோ, பட்டி பேயர் என்று அவரை முதலில் உலுக்கியவர்கள் ஒரு பட்டியல் இருக்கிறது. மூன்று சுற்று தாண்டினால் லூயிஸ் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். பென்சிலால்தான்.

சொல்லிவைத்த மார்சியானோ–உசிக் ஆட்டத்தில் எங்கள் இருவருக்கும் அன்று இரவு வார்த்தை தடித்தது. இருவரும் 200 பவுண்டுக்குள், 2018-இல் மாஸ்கோவில் மூராத் காசியேவை வென்ற உசிக். இடக்கைக்காரர், 6 அடி 3 அங்குலம், கை எட்டும் தூரம் மார்சியானோவைவிட ஏறத்தாழ பத்து அங்குலம் அதிகம். ஒரே இடத்தில் இரண்டு விநாடி நிற்காத கால்கள். மார்சியானோவோ, தலையில் விழவேண்டிய அடி கையில் விழுந்தாலும் போதும் என்று எதிராளியின் புஜத்தையே அடித்து அடித்து ஓயவைப்பவர். 1954 செப்டம்பரில் எஸ்ஸார்டு சார்ல்ஸ் அவருடைய மூக்கைப் பிளந்தபோதும் எட்டாவது சுற்றில் நாக் அவுட் செய்தார். இன்றைய மருத்துவர் ரிங் ஓரத்தில் இருந்திருந்தால் அந்த மூக்கோடு எட்டாவது சுற்று கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. 12 சுற்றில் உசிக், தெளிவாக. 15 சுற்றில், 8 அவுன்ஸ் கையுறையில், மருத்துவர் தலையிடாமல் இருந்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

"பதினஞ்சுதான்டா கணக்கு. பன்னண்டுங்கிறது பாதி ஆட்டம்" என்றார் மாமா.

"பதினஞ்சு ரவுண்டுக்குப் பழகாத ஆள அதுல நிக்கவெச்சா அது நியாயங்களா மாமா?"

"பன்னண்டுக்குப் பழகாத ஆள நிக்கவெக்கிறது மட்டும் நியாயமா?"

பதில் சொல்ல முடியவில்லை. பர்கூர்ப் பக்கத்து வண்டி ஒன்று மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. எழுந்து போய் எடை பார்த்து ரசீது கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் பென்னாகரம் போனபோது, பரணிலிருந்த டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அட்டை கரையான் அரித்திருந்தது. ஆட்டங்கள் எல்லாம் என் பள்ளிக்கூடக் கையெழுத்தில் அப்படியே இருந்தன. அலி–மார்சியானோ பக்கத்தில் மட்டும், தாயக்கட்டை சொன்னபடி நான் எழுதியிருந்த "மார்சியானோ, 11-ஆம் சுற்று" என்பதை யாரோ நீல மையால் அடித்துவிட்டு, கீழே "அலி, புள்ளிக்கணக்கில்" என்று எழுதியிருந்தார்கள். கடைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்துப் பழகிய, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி ஒருமுறை படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார்.

"நீதானே சொன்ன, இங்கிலாந்துல இப்படித்தான் காட்டுனாங்கன்னு" என்றார்.